மண்டபத்தை விட்டு வெளியே வாருங்கள்: மேற்கு சிட்னித் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மேற்கு சிட்னியில் இயங்கும் தமிழ் அமைப்புகளின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு நீங்கள் செய்யும் உதவியை நான் நன்றாக அறிவேன். வாடகை வீடு பார்ப்பது எப்படி, வரி எண் வாங்குவது எப்படி, எந்தப் பள்ளி நல்லது, கறிவேப்பிலை எங்கே மலிவு, எந்தக் கோயிலில் எந்தக் கிழமை அர்ச்சனை என்று எல்லாவற்றையும் சொல்லித் தருகிறீர்கள். நானும் அந்த உதவியைப் பெற்றவள்தான். ஆனால் இந்த நகரத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஒப்பரா ஹவுஸ் முன்னால் ஒரு படம், பொண்டாய் கடற்கரையில் ஒரு படம், நீலமலையில் மூன்று சகோதரிகள் பாறை தெரிய ஒரு படம். எடுத்தாயிற்றா? சிட்னி பார்த்து முடித்தாயிற்று. அதன் பிறகு வாழ்க்கை முழுவதும் வீடு, வேலை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாள் விழா.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாதம் ஒரு முறை, புதிதாக வந்தவர்களையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு, ரயிலிலும் ஃபெர்ரியிலும் போய், துறைமுகக் கரையிலோ கடலோரத்திலோ நடங்கள். ஆண்டு விழாக்களில் ஒன்றையாவது மண்டபத்துக்கு வெளியே வையுங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, ஹோம்புஷ் என்று ரயில் பாதையை ஒட்டிக் குடியிருக்கிறோம். கடல் எங்கோ கிழக்கே, பணக்காரர்களின் பக்கம் இருக்கிறது என்பது நம் எண்ணம். உண்மையில் சிட்னித் துறைமுகத்தின் மேற்குக் கை பரமட்டா நகரம் வரை நீண்டு வருகிறது. பழங்காலத்தில் கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்குதான் இந்தத் துறைமுகம். பரமட்டா ஆற்றின் கீழ்ப்பகுதியும் அதே பள்ளத்தாக்குதான். சார்லஸ் தெருவில் ஒரு சிறு தடுப்பணை இருக்கிறது. அணைக்கு ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு அசையும் உப்புநீர். அந்த அணைக்குக் கீழேயே ஃபெர்ரித் துறை. கடல் வற்றும் நேரத்தில் அங்கே கப்பல் வர ஆழம் போதாது. ரைடல்மியர் துறை வரை பஸ்ஸில் அனுப்பி அங்கே ஏற்றுவார்கள். இந்தத் துறையைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அதில் ஏறியிருப்பார்கள் என்று உங்கள் அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

பரமட்டாவிலிருந்து நகர மையத்தில் உள்ள சர்குலர் கீ துறை வரை ஃபெர்ரியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ரயிலில் போனால் அதில் பாதிகூட ஆகாது. அதனால்தான் நம்மவர்கள் ஏறுவதில்லை. ஆனால் புதிதாக வந்த ஒருவருக்கு இந்த நகரம் எப்படி உருவானது என்பதைக் காட்ட இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. முதலில் இரு கரையிலும் அலையாத்திக் காடு. ஆறு அவ்வளவு குறுகலாக இருக்கும், கப்பல் அலை எழுப்பாமல் மெதுவாக ஊர்ந்து போகும். பிறகு ஆறு அகலும். வலது பக்கம் ஹோம்புஷ் விரிகுடா வரும். 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடந்த இடத்தை ஒட்டிய நீர்நிலை அது. ஒரு காலத்தில் அதன் கரையில் ரசாயன ஆலைகள் இருந்தன. அவை விட்டுச்சென்ற டயாக்சின் என்ற நச்சு இன்னும் சேற்றில் கிடக்கிறது. அதனால்தான் ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் எந்த மீனையும் உண்ண வேண்டாம் என்று அரசு அறிவுறுத்துகிறது. வார இறுதியில் தூண்டிலோடு இந்த ஆற்றங்கரைக்குப் போகும் நம் இளைஞர்கள் சிலருக்கு இது தெரியாது. இதை யார் சொல்ல வேண்டும்? வரவேற்புக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதற்கு முன்னால் நீங்கள் சொல்லலாம்.

அதையும் தாண்டினால் கிளேட்ஸ்வில் பாலம். 1964இல் திறந்தபோது உலகிலேயே நீளமான கான்கிரீட் வளைவு அதுதான். ஒரே வீச்சில் 305 மீட்டர். அடியில் போகும்போது தலை தானாக நிமிரும். அடுத்து காக்கட்டூத் தீவு, கைதிகளின் சிறையாக இருந்து கப்பல் கட்டும் தளமாக மாறி, 2010இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடம். அந்தத் தீவுக்கு வடக்கே, ஹன்டர்ஸ் ஹில் பக்கம் கரையில் ஒரு சிறு காடு தெரியும். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, யூகலிப்டஸ் மரமும் பாறையும்தான். அதன் பெயர் கெல்லீஸ் புஷ். நான் இந்த மடலை எழுதக் காரணமானவற்றில் அதுவும் ஒன்று.

1971இல் அந்த இடத்தில் ஒரு கட்டுமான நிறுவனம் ஆடம்பர வீடுகள் கட்டத் திட்டமிட்டது. சுற்றுவட்டாரத்தில் இருந்த 13 பெண்கள் சேர்ந்து எதிர்த்தார்கள். நகர மன்றத்துக்கும் அமைச்சர்களுக்கும் எழுதிப் பார்த்தும் பலன் இல்லை. கடைசியில் கட்டடத் தொழிலாளர் சங்கத்திடம் போனார்கள். வசதியான குடும்பத்துப் பெண்கள், இடதுசாரித் தொழிற்சங்கத்தின் கதவைத் தட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. ஜாக் மண்டி தலைமையில் இருந்த அந்தச் சங்கம், அந்தக் காட்டில் தன் உறுப்பினர் யாரும் வேலை செய்ய மாட்டார்கள் என்று அறிவித்தது. சங்கத்தில் சேராத ஆட்களை வைத்தாவது கட்டுவோம் என்றது நிறுவனம். அப்படி ஒரு மரத்தில் கை வைத்தால், வட சிட்னியில் நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் பாதியிலேயே நிற்கும் என்று தொழிலாளர்கள் பதில் சொன்னார்கள். ‘பசுமைத் தடை’ என்று உலகம் பின்னாளில் அழைத்த போராட்ட முறைக்கு அதுதான் முதல் உதாரணம். 1983இல் மாநில அரசு அந்த நிலத்தை வாங்கிப் பொதுமக்களுக்கு விட்டது.

துறைமுகக் கரையில் இன்று நாம் காசு கொடுக்காமல் நடக்கும் பாதைகளில் பலவற்றுக்கு இப்படி ஒரு வரலாறு உண்டு. வோக்லூசில் உள்ள நீல்சன் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கரை முழுவதும் தனியார் வேலிக்குள் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1905இல் சாதாரணக் குடிமக்கள் ஒரு கண்காணிப்புக் குழு அமைத்துக் கிளர்ச்சி செய்தார்கள். அதன் விளைவாக 1911இல் அரசு அந்த நிலத்தைக் கையகப்படுத்தியது. அப்போது நிலத்துறை அமைச்சராக இருந்தவர் பெயர்தான் பூங்காவுக்கு. பாரங்காரூ இன்னும் அண்மைக் கதை: சரக்குப் பெட்டகங்கள் அடுக்கி வைத்திருந்த கான்கிரீட் தளத்தை உடைத்து, மணற்கல் பாறைகளை நட்டு, உள்ளூர் இனச் செடிகளாக 75,000க்கு மேல் வைத்து, 2015இல் மக்களுக்குத் திறந்தார்கள். யார் யாரோ சண்டை போட்டு மீட்டு வைத்த சொத்து இது. நாம் கடைசியாக வந்து சேர்ந்திருக்கிறோம். நமக்கும் அதில் சம உரிமை கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடர் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த உரிமை என்ற விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வடகரையிலோ கிழக்குப் புறநகர்களிலோ நடக்கும்போது நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் வருகிறது. மோஸ்மன், கிரிமோர்ன், வோக்லூஸ் போன்ற இடங்களில் தெருக்கள் அமைதியாக இருக்கும். மதிலுக்குப் பின்னால் மாளிகைகள். எதிரே வருபவர் நாயோடு வருவார், புன்னகை செய்வார், ஆனால் ‘நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்டுவிடுவாரோ என்று நமக்கு உள்ளுக்குள் ஓர் உதறல். கிரிமோர்ன் பாயின்ட்டில் கரையைச் சுற்றிப் போகும் பாதை வீடுகளின் தோட்டத்தை உரசிக்கொண்டு போகிறது. அது பொதுப் பாதை. லாவெண்டர் பேயில் பயன்படாமல் கிடந்த ரயில்வே நிலத்தில், ஓவியர் பிரெட் வைட்லி 1992இல் இறந்த பிறகு அவருடைய முன்னாள் மனைவி வெண்டி வைட்லி தம் கையால் குப்பையை அகற்றி ஒரு தோட்டம் போட்டார். யாரும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம்; டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. இதைத் தனியாகப் போய்த் தெரிந்துகொள்ளத் துணிச்சல் வேண்டும். இருபது பேராகப் போனால் அந்தத் துணிச்சல் தேவைப்படாது. சங்கம் என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தானே?

அடுத்து ஹெலன்ஸ்பர்க். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. 1985இல் குடமுழுக்கு நடந்த வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு நாம் எல்லோரும் போகிறோம். மேற்கு சிட்னியிலிருந்து கார் எடுத்தால் ஒரு மணி நேரப் பயணம். சாமி கும்பிடுகிறோம், கேன்டீனில் தோசை சாப்பிடுகிறோம், புளியோதரைப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்த வழியே நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் போய்வருபவர்களிடம் விசாரித்துப் பார்த்தேன். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் கடல் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

கோயிலிலிருந்து சுமார் பத்து நிமிடக் கார்ப் பயணத்தில் ஸ்டான்வெல் டாப்ஸில் மொட்டைமலை முனை இருக்கிறது. பால்ட் ஹில் என்பார்கள். மலை அப்படியே கடலுக்குள் இறங்கும் விளிம்பு அது. தெற்கே வொல்லங்காங் வரை கரை வளைந்து வளைந்து போவது தெரியும். காற்று சாதகமான நாளில் தொங்கு சிறகு கட்டிக்கொண்டு மனிதர்கள் அந்த விளிம்பிலிருந்து குதித்துப் பறப்பார்கள். கீழே தெரியும் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில்தான் 1894இல் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் நான்கு பெட்டிப் பட்டங்களை ஒன்றாகக் கட்டித் தம்மைத் தரையிலிருந்து 16 அடி தூக்க வைத்தார். விமானம் பறப்பதற்குச் சில ஆண்டுகள் முந்தைய கதை. அங்கிருந்து கடலோரச் சாலையில் இறங்கினால் சீ கிளிஃப் பாலம். பாறைச் சரிவால் பழைய சாலையை மூட வேண்டி வந்ததால், மலையை விட்டு விலகிக் கடலின் மேலேயே 665 மீட்டருக்குப் பாலம் கட்டி 2005இல் திறந்தார்கள். அதன் ஓரத்தில் நடைபாதை இருக்கிறது. கார் இல்லாதவர்கள் தென் கடற்கரை ரயிலில் ஹெலன்ஸ்பர்க்கைத் தாண்டிக் கோல்கிளிஃபில் இறங்கி அந்தப் பாலத்துக்கு நடக்கலாம். கோயிலின் மறுபக்கம் 1879இல் அறிவித்த ராயல் தேசியப் பூங்கா. உலகிலேயே மிகப் பழைய தேசியப் பூங்காக்களில் ஒன்று. மலை, கடல், காடு மூன்றும் சேர்ந்த இடத்தில் கோயில் கட்டினார்கள் முன்னோடிகள். நாமோ வாகன நிறுத்தத்துக்கும் கேன்டீனுக்கும் இடையில் நடந்துவிட்டு வருகிறோம். கோயிலுக்குப் பஸ் ஏற்பாடு செய்யும் அமைப்புகள், திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் பால்ட் ஹில்லில் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

செலவைப் பற்றிச் சொல்வீர்கள். கிழக்குக் கடற்கரையில் வாகனம் நிறுத்தக் கட்டணம் அதிகம், இடமும் கிடைக்காது என்பது உண்மை. அதனால்தான் ரயில் என்கிறேன். பயணக் கட்டணத்துக்கான ஓபல் கார்டில் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் அந்த வரம்பு மற்ற நாள்களில் உள்ளதில் பாதிதான். ரயில், பஸ், ஃபெர்ரி, டிராம், மெட்ரோ எல்லாம் அதற்குள் அடக்கம். பரமட்டாவில் ரயிலேறி வண்டி மாறாமல் ஹார்பர் பாலத்தைக் கடந்து மில்சன்ஸ் பாயின்ட்டில் இறங்கலாம். பாலத்தின் கிழக்கு நடைபாதையில் திரும்ப நடந்து வரக் காசு கிடையாது. பாலத்தின் வளைவின் மேல் ஏறுவதற்குத்தான் பெரிய தொகை கேட்பார்கள். அதைத்தான் பாலம் பார்ப்பது என்று நினைத்து, ‘நமக்கு எதற்கு’ என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1932இல் திறந்த நாளிலிருந்து பாலம் நடப்பவர்களுக்கும் உரியது.

ஊரிலிருந்து வரும் பெற்றோரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேரக்குழந்தை பிறந்தது என்று வருகிறார்கள், விசா முடியும் வரை இருக்கிறார்கள். பகல் முழுவதும் பூட்டிய வீட்டில். வெளியே எட்டிப் பார்த்தால் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை; சில தெருக்களில் நடைபாதையே இல்லை, புல்தரைதான். “இவ்வளவு பெரிய ஊரில் மனிதர்கள் எல்லாரும் எங்கேதான் போனார்கள்?” என்று என் மாமனார் வந்த வாரமே கேட்டார். அவரைப் பரமட்டா பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். சமதரைப் பாதை, ஆற்றோரம், அங்கங்கே இருக்கை, கழிப்பறை. பழைய ஆளுநர் மாளிகை இருக்கும் இடம் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். மரங்களில் தலைகீழாகத் தொங்கிய பழந்தின்னி வெளவால்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் தாமாகவே கிளம்பிவிட்டார். அங்கே அவரைப் போலவே நடக்க வந்த ஒரு பஞ்சாபிப் பெரியவரும் கிடைத்தார். இருவருக்கும் பொது மொழி எதுவும் கிடையாது. ஆனாலும் தினமும் பேசிக்கொண்டார்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்ற இடங்கள் இந்த நகரத்தில் நிறைய உண்டு. 1816இல் தொடங்கிய ராயல் தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கரையை ஒட்டிய பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். ஒலிம்பிக் பார்க்கில் உள்ள பைசென்டெனியல் பூங்காவில் அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பிச்சாவரம் போயிருக்கும் எவருக்கும் அந்தச் சேற்று வாசனை உடனே பிடிபடும். நடக்கவே முடியாதவர்களுக்கு மேன்லி ஃபெர்ரி இருக்கிறது. அரை மணி நேரம், இருக்கையில் அமர்ந்தபடியே. துறைமுக வாயில் எதிரே வரும்போது பெருங்கடலின் அலை கப்பலை ஒரு தூக்குத் தூக்கும். பெரியவர்கள் முருகா என்பார்கள், குழந்தைகள் இன்னொரு முறை என்பார்கள்.

இனி கடல். பொண்டாயிலிருந்து கூஜி வரை ஆறு கிலோமீட்டர் குன்றோரப் பாதையை எல்லாருமே பரிந்துரைப்பார்கள், நானும்தான். படிக்கட்டுகள் அதிகம், கூட்டமும் அதிகம். ஆனாலும் பிரான்டியைத் தாண்டி 1877இல் ஏற்பட்ட வேவர்லி கல்லறைத் தோட்டத்தின் பக்கமாகப் போகும்போது, செங்குத்துப் பாறையின் உச்சியில் வெள்ளைச் சிலுவைகள் கடலைப் பார்த்து நிற்கும் காட்சிக்காகவே ஒரு முறை போகலாம். ஆனால் நம் பெண்களுக்கு நான் சொல்ல விரும்புவது பாதை முடிந்த பிறகு வருவது. கூஜிக் கடற்கரையின் தெற்கே பாறை மறைவில் மக்கைவர்ஸ் பெண்கள் குளம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மட்டுமே உரிய கடல்நீர்க் குளம். நுழைவுக்குச் சில்லறைக் காசு போதும். முக்காடு போட்ட பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள், கல்லூரிப் பெண்கள் என்று எல்லாரும் அங்கே இறங்குகிறார்கள். வாழ்நாளில் மெரினாவில் கணுக்கால் வரை மட்டுமே நனைந்த நம் பெண்கள், யாருடைய பார்வைக்கும் கூசாமல் கழுத்தளவு கடல் நீரில் நிற்கக்கூடிய இடம் அது. மகளிர் தினத்துக்குச் சேலை அணிவகுப்பு வைக்கிறீர்கள். ஓர் ஆண்டு அதற்குப் பதிலாக இங்கே கூட்டிப்போங்கள்.

திறந்த கடலில் இறங்குவது பற்றி மட்டும் எச்சரிக்கையோடு பேச வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் புதிதாகக் குடியேறியவர்கள், மாணவர்கள் கடலில் மூழ்கி இறந்த செய்தி வருகிறது. அதில் நம் பக்கத்துப் பெயர்கள் இருக்கும். நாம் இரங்கல் கூட்டம் நடத்துகிறோம், உடலை ஊருக்கு அனுப்பப் பணம் திரட்டுகிறோம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டுமே இறங்க வேண்டும், கொடி இல்லாத கடற்கரையில் இறங்கவே கூடாது என்பதைத் தமிழில், நேரில், மணலில் நின்று சொல்லிக் காட்டுவது. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் நீர்தான் பல நேரம் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் என்பதை மண்டபத்தில் படம் போட்டு விளக்கினால் மனதில் நிற்காது. மாட்டிக்கொண்டால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி ஒரு கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். கனமழைக்குப் பிறகு கடலில் ஒரு நாளும் துறைமுக நீரில் மூன்று நாளும் குளிக்காமல் இருக்க வேண்டும். வடிகால் நீர் வந்து கலந்திருக்கும். மீன் பிடிக்கப் பாறை விளிம்பில் நிற்பவர்கள் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். இந்த ஐந்து வாக்கியங்களை அச்சடித்து, புதிதாக உறுப்பினராகச் சேருபவர் கையில் கொடுத்தால் போதும். பொன்னாடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் இந்த மண்ணின் தொல்குடிகளுக்கு மரியாதை செலுத்தி ஒரு வாசகம் படிக்கிறோம். படிப்பவரும் வேகமாகப் படிக்கிறார், கேட்பவர்களும் இருக்கை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பிட் பாலத்திலிருந்து மேன்லிக்குப் போகும் பத்துக் கிலோமீட்டர் பாதையில் கிராட்டோ பாயின்ட் அருகே, அந்த மக்கள் மணற்கல்லில் செதுக்கிய மீன்களும் மற்ற உருவங்களும் இருக்கின்றன. க்ரோனல்லாவிலிருந்து சிறு ஃபெர்ரியில் பன்டீனா போனால் ஜிப்பன் முனையிலும் இருக்கின்றன. அவற்றின் முன்னால் நின்று அந்த வாசகத்தைப் படித்துப் பாருங்கள், குரல் தானாக மாறும். மிதிக்கக் கூடாது, கோட்டைச் சுண்ணக்கட்டியால் தீட்டிப் படம் எடுக்கக் கூடாது என்று குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தமிழர் வரலாறு வேண்டும் என்பவர்களுக்கும் இந்தத் துறைமுகத்தில் ஒன்று இருக்கிறது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியதும், எண்ணெய்க் கிடங்குகள் எரிந்ததும், மக்கள் ஊரை விட்டு ஓடியதும் நாம் பாட்டிமார் வாயிலாகக் கேட்ட கதை. அதே எம்டனை நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகே அடித்து முடக்கியது சிட்னி என்ற பெயருள்ள ஆஸ்திரேலியக் கப்பல். அந்தக் கப்பலின் பாய்மரத் தூண் பிராட்லிஸ் ஹெட் முனையில் நடப்பட்டிருக்கிறது. டரோங்கா விலங்குக்காட்சி சாலைக்கு ஃபெர்ரியில் போய் இறங்கிக் கரையோரக் காட்டுப் பாதையில் நடந்தால் அதன் அடியில் போய் நிற்கலாம். எதிரே ஒப்பரா ஹவுஸ். எம்டனிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த ஒரு பீரங்கி ஹைட் பார்க்கின் மூலையில், மியூசியம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. தமிழ்ப் பள்ளி மாணவர்களுக்கு ஒரே பகலில் இரண்டையும் காட்டலாம். மனப்பாடப் போட்டியை விட இது அவர்களுக்கு நினைவில் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

இன்னொரு காரணம் வெயில். 2020 ஜனவரி 4ஆம் தேதி மேற்கு சிட்னியின் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. கடற்காற்று நம் பக்கம் வந்து சேர்வதற்குள் வலுவிழந்துவிடுகிறது. கோடையில் கிழக்குக் கரைக்கும் நமக்கும் பத்து டிகிரி வித்தியாசம்கூடச் சில நாள் இருக்கும். அப்படிப்பட்ட நாளில் குளிரூட்டிய வணிக வளாகத்தில் சுற்றிச் சுற்றி வந்து வேண்டாத பொருள் வாங்குவதுதான் நம் வழக்கம். ரயிலேறத் தெரிந்தவருக்குக் கடற்கரை நிழல் இருக்கிறது.

நடைமுறைக்கு வருகிறேன். நடை காலை எட்டு மணிக்கு என்றால் எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும். ஃபெர்ரி தலைவர் வரும் வரை காத்திருக்காது. மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். பெரிய கூட்டமாகப் போனால் சில பூங்காக்களில் முன்அனுமதி கேட்பார்கள், அதை ஒருவர் பொறுப்பெடுத்து வாங்க வேண்டும். பல பூங்காக்களில் இலவச மின் அடுப்பு இருக்கிறது. ஆனால் நம் தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் அடுப்பைத் தேடாதவை. சாப்பிட்ட தட்டைத் திரும்ப எடுத்து வருவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டாலும் தப்பில்லை. வசந்த காலத்தில் மேக்பை பறவைகள் கூட்டைக் காக்கத் தலையைக் கொத்த வரும், தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே இங்கே நாய் குரைத்தால் ஓடாமல் நிற்கச் சொல்லுங்கள்; இது ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டிய கலை.

முதல் நடைக்கு என் பரிந்துரை: பரமட்டாவில் ஃபெர்ரி ஏறி பாரங்காரூவில் இறங்கி, கரையோரமாகவே நடந்து பாலத்துக்கு அடியில் போய், சர்குலர் கீயைத் தாண்டி தாவரவியல் பூங்காவில் சாப்பாடு, ரயிலில் வீடு. இதில் எங்கே வேண்டுமானாலும் களைத்தவர் பிரிந்து ரயிலேறிவிடலாம். வழி காட்ட நான் வருகிறேன், ஊதியம் வேண்டாம், மேடையில் பெயர் சொல்லவும் வேண்டாம். பதிவுப் படிவத்தில் மட்டும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துவிடுங்கள்: நீந்தத் தெரியுமா, எவ்வளவு தூரம் நடக்க முடியும். மற்றவற்றைத் துறைமுகக் கரையில் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வெஸ்ட்மீடில் குடியேறிய ஒருத்தி